பழைய ரோஜாவைக் காப்பாற்ற எது நல்ல வழி: சொந்த வேரா, ஒட்டா, பதியனா?

ரோஜா வளர்ப்பதும் ஒரு ரோஜா வகையைக் காப்பதும் ஒரே வேலை அல்ல. பூவுக்காகச் செடி வைப்பவர், அது பட்டுப்போனால் நர்சரிக்குப் போய் அதே பெயரில் இன்னொன்றை வாங்கிவந்து நட்டுவிடலாம். எங்கோ ஒரு பழைய வீட்டுக் கொல்லையில் மட்டும் எஞ்சியிருந்து, எந்த நர்சரியிலும் விலைக்குக் கிடைக்காத வகையை வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கையில் இருப்பது அந்த வகையின் கடைசிச் செடியாகக்கூட இருக்கலாம். எந்த வகையைத் தேர்வது, எப்படிப் பெருக்குவது, தொட்டியில் வைப்பதா தரையில் வைப்பதா, இரண்டாவது செடியை எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கு அவர் சொல்லும் விடை, பூவுக்காக மட்டும் வளர்ப்பவரின் விடையிலிருந்து வேறுபட்டே ஆகவேண்டும். தமிழ்நாட்டின் சமவெளியிலும் மலைகளிலும் வீட்டில் ரோஜா வைத்திருப்பவர்களின் நிலையிலிருந்து அந்தத் தேர்வுகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எந்தக் குழுவிலிருந்து தேர்வது

பழைய தோட்ட ரோஜா என்பதற்கு ரோஜா ஆர்வலர்கள் ஒப்புக்கொண்ட எல்லை ஒன்று உண்டு. பிரான்சில் கியோ என்பவர் 1867இல் உருவாக்கிய ‘லா பிரான்ஸ்’, நவீன ரோஜாக்களின் குழுவான ஹைப்ரிட் டீயின் முதல் ரோஜாவாகக் கொள்ளப்படுகிறது. அந்த ஆண்டுக்கு முன்பே இருந்த குழுக்களைச் சேர்ந்தவை எல்லாம் பழைய தோட்ட ரோஜாக்கள். தனிச் செடி எந்த ஆண்டில் வெளிவந்தது என்பது இங்கே கணக்கில் வராது. அது சேர்ந்த குழு எப்போது தோன்றியது என்பதே கணக்கு. அதனால்தான் 1901இல் வந்த ‘மிஸஸ் பி. ஆர். கான்ட்’, டீ ரோஜாக் குழுவைச் சேர்ந்தது என்பதால், பழைய ரோஜாக்களோடு வைத்து எண்ணப்படுகிறது.

இந்தக் குழுக்களை வெப்ப நாட்டில் இருக்கும் நாம் இரண்டு பெரும் பிரிவாகப் பார்ப்பது நல்லது. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் நெடுங்காலமாக வளர்ந்துவந்த காலிகா, டமாஸ்க், ஆல்பா, சென்டிஃபோலியா, மாஸ் ஆகியவை ஒரு பிரிவு. சீனத்திலிருந்து வந்த சைனா ரோஜாக்களும் டீ ரோஜாக்களும், சைனா ரோஜா பிற ரோஜாக்களோடு கலந்து பிறந்த நாய்செட், போர்பன் குழுக்களும் மற்றொரு பிரிவு. முதல் பிரிவைச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும்போது பூப்பவை. இலையுதிர் டமாஸ்க் போன்ற சில மட்டுமே இரண்டாம் முறையும் பூக்கும். இரண்டாவது பிரிவினுடைய சிறப்பு, புதிய தளிர் விடும்போதெல்லாம் அதன் நுனியில் பூ வைப்பது. இந்த வேறுபாடு ஒரு மரபணுவைப் பொறுத்தது என்பது 2012இல் வெளிவந்த ஆய்வில் தெளிவானது. காட்டு ரோஜாவில் தளிரைப் பூக்கவிடாமல் அடக்கிவைக்கும் அந்த மரபணுவின் நடுவே, சீன ரோஜாக்களில் ஒரு டி.என்.ஏ. துண்டு வந்து நுழைந்து, அதை வேலை செய்யவிடாமல் ஆக்கியிருக்கிறது. தடை நீங்கியதால் அவை ஆண்டு முழுவதும் பூக்கின்றன.

ஒருமுறை பூக்கும் ரோஜாக்களுக்குக் குளிர் தேவை. சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ அந்தக் குளிர் ஒருபோதும் கிடைப்பதில்லை. கன்னோஜ், ஹாத்ரஸ் பகுதிகளில் அத்தருக்காகப் பயிராகும் டமாஸ்க் ரோஜா அங்கே உண்மையான குளிர்காலம் இருப்பதால்தான் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பூத்துக் குலுங்குகிறது. அதே செடியைச் சமவெளித் தமிழகத்தில் வைத்தால் இலையாக வளரும், பூ அரிதாகவே வரும், சில ஆண்டுகளில் நலிந்துபோகும். காலிகாவையும் சென்டிஃபோலியாவையும் ஓவியங்களில் பார்த்து மனம் பறிகொடுத்தவர்கள் அதிகம். அவர்களுடைய ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சமவெளியில் இருப்பவர் அவற்றைத் தேடிப் போகவேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். ஓர் அரிய செடியை அது வாழமுடியாத இடத்திற்குக் கொண்டுவருவது அதைக் காப்பதாகாது. உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். அங்கும் வட நாட்டுப் பூவின் செழிப்பை எதிர்பார்க்க முடியாது.

மாறாக, சைனா, டீ, நாய்செட், போர்பன் ஆகிய நான்கு குழுக்களும் நம் தட்பவெப்பத்திற்கு இயல்பாகவே பொருந்துபவை. இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடாரத்திற்குள் வைத்துப் போற்றப்பட்ட ‘மாரெஷால் நீல்’ என்ற மஞ்சள் நாய்செட்டுக்கு, 1864ஆம் ஆண்டைச் சேர்ந்தது அது, பனி விழாத ஊரில் எந்தக் கூடாரமும் வேண்டியதில்லை. சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போன வழியிலேயே நம் நாட்டுத் தொடர்பு இருக்கிறது: கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அவற்றைக் கொண்டுபோன பாதையில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டம் ஒரு தங்குமிடமாக இருந்தது, அதனாலேயே பிரான்சில் அவற்றை வங்க ரோஜா என்று அழைத்தார்கள்.

போர்பன் குழுவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியப் பெருங்கடலில், அப்போது போர்பன் என்று பெயர் பெற்றிருந்த ரீயூனியன் தீவில், வயல்களுக்கு வேலியாக இலையுதிர் டமாஸ்க் ரோஜாவையும் சைனா ரோஜாவையும் சேர்த்து நட்டிருந்தார்கள். அவை தாமாகக் கலந்து பிறந்த செடியை அங்கே ‘ரோஸ் எதுவார்’ என்று அழைத்தார்கள். தாவரவியலாளர் பிரெயோன் அதன் விதைகளைப் பிரான்சுக்கு அனுப்ப, 1819 வாக்கில் அவை ஆர்லியான் கோமகனின் தோட்டக்காரரான ஜாக் என்பவரிடம் சேர்ந்தன; அங்கிருந்துதான் ‘சூவெனிர் த லா மால்மேசோன்’ (1843), ‘லூயிஸ் ஓதியே’ (1851) போன்ற புகழ்பெற்ற போர்பன்கள் வரை அந்தக் கிளை நீண்டது. அந்த எதுவார்தான் நம் பூச்சந்தைகளில் எட்வர்டு ரோஜா. மாலைக்கும் உதிரிப் பூவுக்கும் நம் உழவர்கள் பயிரிடும் இந்தச் செடி ஒரு குழுவின் மூலத்திற்கு மிக அருகில் நிற்பது என்பதை நினைத்தால், பழைய ரோஜாவைக் காப்பது வெளிநாட்டுப் பெயர்களைத் தேடிச் சேர்க்கும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவேண்டியதில்லை என்பது விளங்கும். வீட்டில் முதல் பழைய ரோஜாவாக எதை வைப்பது என்று யாராவது கேட்டால் எட்வர்டையும், ‘ஓல்டு பிளஷ்’ என்ற இளஞ்சிவப்புச் சைனா ரோஜாவையும்தான் சொல்வேன். இரண்டும் கைதவறினாலும் மன்னிக்கும் செடிகள்.

குழுக்களுக்குள் தேர்வு செய்யும்போது இடத்தையும் காற்றின் ஈரத்தையும் பார்க்கவேண்டும். கடலோர ஊர்களில் போர்பன்களை இலைக்கரும்புள்ளி நோய் விரைவில் பிடிக்கும். அவற்றின் இதழ் அடர்ந்த மொட்டுகள் மழையில் விரியாமல் பந்தாகி அழுகும், ‘மால்மேசோன்’ இதற்குப் பெயர் போனது. அங்கே சைனாவும் டீயும் மேல். கோவை, ஓசூர் போன்ற மிதமான இடங்களில் போர்பன் நன்றாக வரும். நாய்செட் கொடிபோல் ஏறுவது. மூன்று மீட்டர் சுவரோ பந்தலோ இல்லாதவர் அதை எடுக்காமலிருப்பதே நல்லது. டீ ரோஜாவுக்கு ஒரு குணம் உண்டு: ஆழமாகக் கவாத்து செய்தால் அது பொறுக்காது. ஹைப்ரிட் டீயைப் பாதிக்கு மேல் வெட்டிப் பழகியவர்கள் டீ ரோஜாவையும் அப்படியே வெட்டிவிட்டு, கிளைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வருவதைப் பார்த்து நோய் என்று நினைப்பார்கள். காய்ந்த குச்சிகளையும் மெலிந்தவற்றையும் மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை விட்டுவிட்டால் போதும்.

செடியை எங்கிருந்து பெறுவது

நர்சரி, பழைய வீடுகள், வெளிநாடு என்று மூன்று வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து குச்சியைப் பையில் போட்டுக் கொண்டுவருவது கூடவே கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி முன்அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் நடவுப் பொருளை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. அந்தச் சட்டத்திற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. அமெரிக்காவில், கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேனால் பரவும் ரோஸ் ரொசெட் வைரஸ், தோட்டம் தோட்டமாகச் செடிகளை அழித்துவருகிறது. ஒரு குச்சியின் மீதுள்ள ஆசைக்காக அப்படிப்பட்ட நோயை இங்கே அழைத்துவருவது எந்தச் செடிக்கும் நன்மை செய்யாது.

நர்சரியின் வசதி, செடி உடனே கையில் கிடைக்கும் என்பது. அதன் குறை பெயரில் இருக்கிறது. பன்னீர் ரோஜா என்று கேட்டால் ஒரு நர்சரியில் ஒரு செடியும் இன்னொன்றில் வேறு செடியும் தருவார்கள். நாட்டு ரோஜா என்ற பெயர் அதைவிடத் தளர்வானது. பூவுக்கு அது போதும். ஒரு வகையைக் காக்க நினைப்பவருக்குப் போதாது. பழைய வீட்டுச் செடியில் இந்தச் சிக்கல் தலைகீழாக இருக்கிறது: செடி உண்மையானது, வயதும் தெரியும், பெயர் மட்டும் இல்லை. இதற்குப் பெர்முடா தீவின் ரோஜா ஆர்வலர்கள் கண்ட வழி பின்பற்றத் தக்கது. கண்டெடுத்த, அடையாளம் தெரியாத ரோஜாவுக்குத் தாங்களாக ஒரு வகைப்பெயரைச் சூட்டிவிடாமல், அது கிடைத்த வீடு அல்லது பகுதியின் பெயரையே தற்காலிகமாக வைத்தார்கள். அப்படி ‘பெல்ஃபீல்டு’ என்று வீட்டுப் பெயரால் காக்கப்பட்ட ஒரு செம்பூ ரோஜாதான், ஐரோப்பா மீண்டும் மீண்டும் பூக்கும் ரோஜாக்களுக்கு மூலமாய் 1792 வாக்கில் பெற்று, பின்னர் தொலைத்துவிட்டதாக நினைத்த ‘ஸ்லேட்டர்ஸ் கிரிம்சன் சைனா’ என்று பலர் கருதுகிறார்கள். அவசரப்பட்டு யாராவது தவறான பெயர் சூட்டியிருந்தால் அந்த அடையாளம் என்றைக்கும் கலங்கிப்போயிருக்கும்.

பழைய வீட்டில் கண்ட செடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒட்டுச் செடியின் மேல்பகுதி எப்போதோ பட்டுப்போய், அடியிலிருந்த வேர்ச்செடி தழைத்து அதுவே ரோஜாவாக நின்றிருக்கலாம். அமெரிக்காவின் பழைய வீடுகளில் காணும் அடர்சிவப்பு ரோஜாக்களில் பல, வேர்ச்செடியாகப் பயன்பட்ட ‘டாக்டர் ஹியூயி’ என்பது தெரிந்த செய்தி. நம் நாட்டில் எட்வர்டே வேர்ச்செடியாகப் பயன்பட்டிருப்பதால், இங்கே மிஞ்சி நிற்பது எட்வர்டாகவும் இருக்கலாம். அதற்காக வருந்தவேண்டியதில்லை, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும். பூவையும் இலையையும் தெரிந்த எட்வர்டு செடியோடு அருகருகே வைத்து ஒப்பிட்ட பிறகே அது வேறு வகை என்ற முடிவுக்கு வரவேண்டும்.

பெருக்குவதில்தான் உண்மையான தேர்வு

விதையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ரோஜா விதையிலிருந்து வருவது தாயைப் போன்ற செடி அல்ல, தாயின் பிள்ளை. எட்வர்டும் அப்படிப் பிறந்த ஒரு பிள்ளைதான் என்பது உண்மை. புதிய வகை வேண்டுமானால் விதை அருமையான வழி. இருக்கும் வகையைக் காக்க அது உதவாது. திசு வளர்ப்பு ஆய்வகத்தின் வேலை, வீட்டுக்கு உரியது அல்ல. எஞ்சுபவை மூன்று: குச்சி நடுதல், பதியன் போடுதல், மொட்டுக் கட்டுதல்.

மொட்டுக் கட்டுதலே வணிகத்தின் வழி. வேர்ச்செடியின் பட்டையில் ‘டி’ வடிவில் கீறி, காக்கவேண்டிய வகையின் கணுவில் உள்ள ஒரே ஒரு தளிர் மொட்டை அதற்குள் செருகிப் பாலித்தீன் நாடாவால் கட்டுகிறார்கள். மூன்று, நான்கு வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். இதன் பெரும்பலம் சிக்கனம். நான்கு கணுக்கள் உள்ள ஒரு குச்சியை நட்டால் ஒரு செடி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதே குச்சியின் நான்கு மொட்டுகளைக் கட்டினால் நான்கு செடிகள் கிடைக்க வழியுண்டு. மிகவும் நலிந்த தாய்ச்செடியிலிருந்து விரல் நீளக் குச்சி ஒன்றுதான் கிடைக்கிறது என்றால், மொட்டுக் கட்டுவதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. இன்னொரு பலம் வேர்ச்செடியைத் தேர்ந்துகொள்ள முடிவது. உவர் நீரும் காரத்தன்மையும் உள்ள மண்ணை ‘ரோசா இண்டிகா ஒடரேட்டா’ என்ற வேர்ச்செடி ஓரளவு தாங்கும். மல்டிஃபுளோரா என்ற வேர்ச்செடி புளிப்பு மண்ணில் செழித்து, கார மண்ணில் இலை வெளுக்கும். மணற்பாங்கான நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு தொல்லை தரும் புளோரிடாவில், 1850 வாக்கில் தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் பார்ச்சூன் சீனத்திலிருந்து அனுப்பிய ‘ஃபார்ச்சூனியானா’வை அதன் தாங்குதிறனுக்காகவே வேர்ச்செடியாகத் தேர்கிறார்கள்.

இத்தனை பலம் இருந்தும், ஒரு வகையைப் பல பத்தாண்டுகளுக்குக் காக்க நினைப்பவருக்கு ஒட்டுச் செடியை முதல் வழியாக நான் பரிந்துரைக்கமாட்டேன். காரணங்கள் இரண்டு. முதலாவது, மேலே சொன்ன வேர்ச்செடி மேலெழும் ஆபத்து. ஒரு கோடையில் வீட்டில் ஆளில்லாமல் தண்ணீர் தவறினால், மேலே உள்ள அரிய வகை காய்ந்துபோய், அடியிலிருந்து முரட்டுக் குருத்துகள் வரும். தெரியாதவர் அதைப் பார்த்துச் செடி பிழைத்துவிட்டது என்று மகிழ்வார். சொந்த வேரில் நிற்கும் செடி தரைமட்டம் வரை கருகினாலும், அடியிலிருந்து வரும் குருத்து அதே வகைதான். இரண்டாவது காரணம் வைரஸ். இலையில் மஞ்சள் கோடுகளாகவும் வளையங்களாகவும் தோன்றும் ரோஸ் மொசைக் நோய், வீட்டுத் தோட்டத்தில் பெரும்பாலும் அசுவினியாலோ கத்தரிக்கோலாலோ பரவுவதில்லை. ஒட்டுக் கட்டும்போது நோயுள்ள பகுதி நோயற்ற பகுதியோடு சேர்வதால் பரவுகிறது. தெரியாத இடத்தில் வாங்கிய வேர்ச்செடியின்மேல், நூறாண்டு நலமாக வந்த ஒரு வகையைக் கட்டினால், அன்றோடு அந்த வகைக்குள் நோய் குடியேறிவிடலாம். அதை நீக்க, ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செடியை நான்கு வாரங்கள் அல்லது அதற்கும் மேல் வைத்து, நோயற்ற மொட்டைத் தேடி எடுக்கும் ஆய்வகச் சிகிச்சை வேண்டும். வீட்டில் அது நடக்காது.

குச்சி நடுதல் இந்த இரண்டு ஆபத்துகளையும் தவிர்க்கிறது. சமவெளியில் குளிர்ச்சி வரும் ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை இதற்கேற்ற காலம். கவாத்து செய்யும் பருவமும் அதுவே என்பதால் குச்சி வீணாவதில்லை. அப்போதுதான் பூத்து ஓய்ந்த கிளையிலிருந்து, பென்சில் தடிமனில், 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு கணுக்களோடு எடுக்கவேண்டும். பூத்த கிளையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ரோஜாவில் சில கிளைகள் தாமாகவே மாறிவிடும். பூ நிறம் வேறாகும், அல்லது புதர்ச்செடியின் ஒரு கிளை மட்டும் கொடியாக நீளும். ‘மால்மேசோன்’ செடிக்கும் ‘ஓல்டு பிளஷ்’ செடிக்கும் கொடி வடிவங்கள் அப்படித்தான் கிடைத்தன. பூவைப் பார்க்காமல் கிளையை வெட்டினால், காக்க நினைத்ததை விட்டுவிட்டு மாறிப்போனதைப் பெருக்கிவிட நேரும். அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, இரண்டு இலைகளை மட்டும் மேலே விட்டு, அடியை வேர் விடத் தூண்டும் ஐ.பி.ஏ. தூளில் தொட்டு, கழுவிய ஆற்று மணலும் தென்னை நார்க்கழிவும் சமமாகக் கலந்த கலவையில் ஊன்ற வேண்டும். தொழு உரம் இந்தக் கட்டத்தில் கூடாது, அடி அழுகும். மேலே பாலித்தீன் பையை மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் ஆறு முதல் எட்டு வாரங்களில் வேர் பிடிக்கும். தளிர் வந்ததைப் பார்த்ததும் பையை எடுத்துவிடக்கூடாது. குச்சியில் சேமித்திருந்த சத்திலேயே தளிர் வந்துவிடும், வேர் அதன் பின்னரே வரும்.

சைனா, டீ, நாய்செட் வகைகளில் குச்சி நன்றாகப் பிடிக்கும், போர்பனில் பலவும் பிடிக்கும். காலிகாவும் மாஸும் குச்சியில் பிடிவாதம் காட்டும். ஆனால் சொந்த வேரில் இருந்தால் பக்கக் கன்றுகளைத் தாமே விடுவதால், கன்றைப் பிரித்து நட்டாலே போதும். சொந்த வேர்ச் செடியின் குறை ஒன்று: முதல் இரண்டு ஆண்டுகள் மெலிந்தே இருக்கும். அதே காலத்தில் ஒட்டுச் செடி பூத்துத் தள்ளிவிடும். அந்தப் பொறுமை இல்லாமல் நல்ல சொந்த வேர்ச் செடிகளைப் பலர் பிடுங்கி எறிவது வருத்தம் தருகிறது. முதல் ஆண்டு வரும் மொட்டுகளை வாசம் பார்க்கும் ஆசையை அடக்கிக் கிள்ளிவிட்டால், அந்தச் சத்து வேருக்குப் போகும்.

பதியன் இவை இரண்டையும்விட மெதுவானது. ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு செடிகளுக்குமேல் கிடைக்காது. ஆயினும் ஒரே ஒரு தாய்ச்செடிதான் இருக்கிறது, அதுவும் முதுமையில் இருக்கிறது என்ற நிலையில், மூன்றிலும் பாதுகாப்பானது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. குச்சியை வெட்டிவிட்டால் அது வேர் பிடிக்கும்வரை தன் கையிருப்பில் வாழ்கிறது. பிடிக்காவிட்டால் கிளை போனது போனதுதான். பதியனில் கிளை தாயோடு ஒட்டியிருப்பதால், வேர் வராவிட்டாலும் இழப்பில்லை, மண்ணைத் தள்ளிவிட்டு மறுபடியும் முயலலாம். தாழ்ந்த கிளையை வளைத்து, கணுவுக்குக் கீழே பட்டையில் கீறி, வெட்டுவாயில் சிறு கல்லையோ தீக்குச்சியையோ செருகி, 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே செங்கல் வைத்து ஈரம் காத்தால் மழைக்காலம் முடிவதற்குள் வேர் வந்துவிடும். வளையாத தடித்த கிளையில், ஒரு விரற்கடை அகலத்திற்குப் பட்டையை வட்டமாக உரித்து, ஈரமான பாசியையோ தென்னை நாரையோ வைத்துப் பாலித்தீனால் கட்டும் விண்பதியன் உதவும். பிரித்தெடுத்த கன்றை உடனே வெயிலில் வைக்காமல் ஒரு மாதம் நிழலில் பழக்கவேண்டும்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது நான் கொள்ளும் வரிசை இதுதான்: தாய்ச்செடி ஒன்றே என்றால் முதலில் பதியன்; அதற்கு வலு வந்த பின் குச்சி; குச்சிக்கே வழியில்லாத நலிவு என்றால் மட்டும் மொட்டுக் கட்டுதல், அதுவும் நோயற்றது என்று ஓராண்டாவது பார்த்துத் தெரிந்த, தன் கையால் வளர்த்த வேர்ச்செடியின்மேல். அப்படிக் கட்டிய ஒட்டுச் செடியையும் நிரந்தரமாக அப்படியே விடவேண்டியதில்லை. வழக்கமாக ஒட்டுப் பகுதியை மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடச் சொல்வார்கள்; வகையைக் காக்க நினைப்பவர் அதை நாலு விரல் ஆழத்தில் புதைத்து நட்டால், சைனாவும் டீயும் ஒட்டுக்கு மேலிருந்து தம் சொந்த வேரை விட்டுக்கொள்ளும். வடிகால் நன்றாக உள்ள மண்ணில் மட்டும் இதைச் செய்யலாம். களிமண்ணில் செய்தால் தண்டு அழுகும். அல்லது ஒட்டுச் செடி தழைத்ததும் அதிலிருந்து குச்சிகளை எடுத்துச் சொந்த வேருக்கு மாற்றலாம்.

நூற்புழு உள்ள மணல் நிலத்தில் மட்டும் இந்த வரிசையை நான் தளர்த்துவேன். அங்கே சொந்த வேர்ச் செடி, அதிலும் டீ ரோஜா, ஆண்டுக்கு ஆண்டு தேயும். வேரைத் தோண்டிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாக இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் தரைக்குத் தாங்கும் வேர்ச்செடியில் கட்டிய ஒட்டு, தொட்டிக்குச் சொந்த வேர்ச் செடி என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. நடும் இடத்தில் முன்கூட்டி ஒரு பருவம் செண்டுமல்லி பயிரிடுவதும் குழிக்கு வேப்பம் புண்ணாக்கு இடுவதும் நூற்புழுவின் வேகத்தைக் குறைக்கும், முழுதாக ஒழிக்காது.

தொட்டியா, தரையா

தரையில் இடம் உள்ளவர் தரையில்தான் வைக்கவேண்டும். டீ ரோஜா ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்திற்குக் கிளைத்து, வயதாக ஆகத்தான் அழகும் உறுதியும் பெறும் செடி; தொட்டியில் அது என்றைக்கும் அரைச்செடிதான். தரையில் உள்ள வேர் கோடையில் இரண்டு நாள் தண்ணீர் தவறினாலும் தாங்கும். அக்னி நட்சத்திரத்தின்போது மொட்டை மாடியில் உள்ள தொட்டி ஒரே பிற்பகலில் கொதித்துவிடும்.

ஆனால் மாடி ஒன்றே உள்ளவர்கள் மனம் தளரவேண்டாம். ‘ஓல்டு பிளஷ்’, ‘கிராமோய்சி சுப்பீரியர்’ போன்ற சைனாக்கள் 45 செ.மீ. வாயுள்ள தொட்டியில் பல ஆண்டுகள் நலமாக வாழும். கருநிறப் பிளாஸ்டிக் தொட்டியைத் தவிர்த்து, மண் தொட்டியோ வெளிறிய நிறத் தொட்டியோ வைத்து, தரையில் நேரே படாமல் செங்கல்மேல் உயர்த்தி, பிற்பகல் வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டினால் போதும். மாடித் தோட்டத்தின் உண்மையான எதிரி ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்பு. ஊற்றும் நீர் ஆவியாகி உப்பு தங்கித் தங்கி, இலை விளிம்பு கருகத் தொடங்கும். அதை உரக் குறை என்று நினைத்து மேலும் உரம் இட்டால் கேடு இரட்டிக்கும். மாதம் ஒருமுறை தொட்டியின் அடியிலிருந்து நன்றாக வடியும்வரை நீர் விட்டுக் கழுவுவதும், மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும், இரண்டாண்டுக்கு ஒருமுறை மண்ணை மாற்றுவதும் இதற்கு மருந்து. தொட்டிக்கென்று ஒரு பலமும் உண்டு: வீடு மாறுபவர் செடியைக் கூடவே எடுத்துப்போகலாம். வாடகை வீட்டில் இருப்பவர், தரையில் ஒன்று நட்டாலும், தொட்டியில் ஒன்றைக் கட்டாயம் வைத்திருக்கவேண்டும். வீட்டுக்காரர் மாறும்போது வெட்டி எறியப்பட்ட ரோஜாக்கள் கொஞ்சமல்ல.

இரண்டாவது செடி யாரிடம்

ஜெர்மனியில் 1903இல் தொடங்கிய சாங்கர்ஹவுசன் ரோஜாத் தோட்டம் போன்ற பெருந்தொகுப்புகள் ஆயிரக்கணக்கான வகைகளைக் காக்கின்றன. உதகையில் 1995இல் தொடங்கப்பட்ட ரோஜாப் பூங்கா, 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு வழங்கிய சிறப்பு விருதைப் பெற்றது. கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவன், நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களான ரோசா ஜைகாண்டியாவையும் ரோசா கிளைனோஃபில்லாவையும் கொண்டு, வெப்ப நாட்டுக்குத் தாங்கும் புதிய வகைகளைப் பல பத்தாண்டுகளாக உருவாக்கிவந்திருக்கிறார். இவை எல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் பெயர் தெரியாத, ஒரு தெருவில் மட்டும் தெரிந்த பழைய வீட்டு ரோஜாவை எந்தப் பூங்காவும் தானாகத் தேடி வந்து எடுத்துப்போகாது. அதைத் தெரிந்தவர்தான் அதற்குப் பொறுப்பு.

ஆகவே வேர் பிடித்த முதல் கன்றைத் தன் தோட்டத்திலேயே தாய்க்கு அருகில் நடுவதைவிட, வேறொரு வீட்டுக்குக் கொடுப்பதே மேல். ஒரே தோட்டத்தில் மூன்று செடிகள் இருந்தால், அங்கே கரையான் வந்தாலும் கிணறு வற்றினாலும் மூன்றும் சேர்ந்தே போகும். கொடுப்பவர் அடுத்த தெருவில் இருப்பவரைவிட, வேறு மண்ணும் வேறு மழையும் உள்ள ஊரில் இருப்பவரைத் தேர்வது நல்லது: சென்னைச் செடிக்கு ஒரு பிரதி ஓசூரிலோ ஏற்காட்டிலோ இருக்கட்டும். ரோஜாமேல் பெரிய ஆர்வம் உள்ளவரா என்பதைவிட, தினமும் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உள்ளவரா என்பதைப் பார்த்துக் கொடுக்கலாம். கன்றோடு ஒரு குறிப்பும் போகவேண்டும். எந்த ஊரில், எப்படிப்பட்ட வீட்டில் கிடைத்தது, எந்த ஆண்டு குச்சி எடுத்தது, சொந்த வேரா ஒட்டா, பூ எந்த மாதங்களில் வந்தது என்பதை எழுதி, நோட்டில் ஒரு பிரதியும், அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிச் செடியில் கட்டிய ஒரு பிரதியும் வைக்கவேண்டும். மைப்பேனாவால் எழுதிய பிளாஸ்டிக் சீட்டு இரண்டு கோடையில் வெளுத்து வெறும் சீட்டாகிவிடும். தகட்டுக் கம்பியைக் கிளையில் இறுக்கிக் கட்டாமல் தளர்வாக விட்டு, ஆண்டுதோறும் கவாத்தின்போது ஒரு கிளை தள்ளி மாற்றிக் கட்டினால், கம்பி பட்டையை அறுக்காது.